பின்கூடத்துப் பொம்மை

கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று போன கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். நின்றேன். "எல்லாரும் பத்திரமா வேலை செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் எழுத்து கைவிடவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதிக் கொடுக்கிறேன்.

கண்ணில் சுண்ணாம்பு தெறித்துப் பார்வை மங்கியதால் ஐம்பது வயதுக்குள் சாரம் ஏறுவதை விட்டவன் நான். கலவை போடுவதையும் தூக்குக்குண்டு பிடிப்பதையும் கூட வேலை செய்கிறவர்களே உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். நான் எழுதுவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி.

பழைய கட்டடத்தின் கூரையை இறக்குவதற்கு முன்னால் "உள்ளே ஆள் இல்லை" என்று ஒருவன் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டியவன் மேஸ்திரி. என்ஜினீயர் பக்கத்திலேயே நின்றாலும் அந்த வார்த்தை மேஸ்திரியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவன் கை தூக்கினால் கயிற்றை இழுப்பார்கள். அதற்குப் பிறகு கூரையை யாரும் நிறுத்த முடியாது. ஒருமுறை அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே ஆள் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். அடையாற்றை ஒட்டி ஒரு கல்லூரி விடுதி. பெயர் வேண்டாம். வெளியூர்களிலிருந்து படிக்க வரும் பையன்கள் தங்க இடமில்லாமல் அலைந்த காலம் அது. மாம்பலத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். மயிலாப்பூரில் நான் குடியிருந்த சந்திலேயே ஒரு மாட்டுக் கொட்டகையைக் கழுவி, தட்டி வைத்து மறைத்து, மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மழை பெய்தால் அவர்கள் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் அந்தப் பழைய விடுதியைத் திருத்தி எடுக்க முடிவு செய்தார்கள். முன்கட்டில் பெரிய அறைகளை நடுவில் சுவர் எழுப்பி இரண்டிரண்டாக்க வேண்டும். பின்கட்டில் மாடி முழுவதும் ஒரே நீளமான கூடம். அதன் மரக்கட்டைகளைக் கரையான் அரித்துவிட்டது. அந்தக் கூரையை இறக்கிவிட்டு, கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, மேலே இன்னும் அறைகள் எழுப்பத் திட்டம். கோடை விடுமுறையில் பையன்களை எல்லாம் காலி செய்யச் சொல்லிவிட்டுக் கட்டடத்தை எங்கள் கையில் கொடுத்தார்கள்.

வேலை தொடங்கிய அன்றே முன்கட்டு மொட்டைமாடியில் மூங்கில் நட்டு எங்கள் திருஷ்டிப் பொம்மையைக் கட்டினோம். யாரோ விட்டுப்போன கால்சட்டை, கிழிந்த சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்கு மண்சட்டி. இன்றும் நீங்கள் கட்டுகிறீர்கள். எங்கள் ஆட்களிடம் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. பொம்மையைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கக்கூடாது, கட்டியவனும் சொல்லமாட்டான். கேட்டால் ஊர்க்கண் பொம்மையை விட்டுவிட்டுக் கேட்டவன்மேல் இறங்கும் என்று நம்பினோம். கட்டிய பிறகு அதைத் தொடுவதில்லை. முகத்தை நேராகப் பார்ப்பதும் இல்லை.

மரவேலைக்கு ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாய் தன் ஆட்களோடு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் கொத்தனார் ஏழுமலை, சைதாப்பேட்டையிலிருந்து வரும் சித்தாள் கன்னியம்மா, இன்னும் சிலர். எதை இடித்தாலும் முதலில் மூன்று தடவை கூவ வேண்டும் என்பது தொழில் வழக்கம். என் குரல் எழும்பாது என்பதால் எனக்காகக் கன்னியம்மாதான் கூவுவாள்.

"மேஸ்திரி கூவினா எதிர்ல கீற கொசு கூட எந்திரிக்காது" என்பாள்.

"தன் கல்யாணத்துல மந்திரத்த கூட இவுரு சொல்லலயாம். பக்கத்து வூட்டுக்காரன் சொன்னானாம்" என்பான் ஏழுமலை.

நான் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உச்சி வேளையில் ஆற்றங்கரை அப்படியே செத்துப்போகும். காக்கை கத்தாது, இலை அசையாது. பின்பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தபோது ஏழுமலைதான் முதலில் பார்த்தான்.

"மச்சி, பாய் ஆளுங்களும் ஒரு பொம்ம கட்டிகிறாங்க, பாத்தியா? நம்மளுது பிச்சக்காரன் கணக்கா தொங்குது. அவுங்கள்து ஆபீசர் மாதிரி குந்திகினு கீது."

தலையைத் தூக்கினேன். பின்கூடத்தின் கடைசி ஜன்னலில் வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றிய தலை. முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது. அசைவே இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் அது ஜன்னலில் இல்லை. கலவை சுமக்கும் பாண்டுகளை எடுக்க மேலே போன கன்னியம்மா வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"இன்னா, பாண்டு எங்க?" என்றான் ஏழுமலை.

"நீயே போய் எட்த்துகினு வா. அது கீழ படுத்துகினு கீது."

"எது?"

"எதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"காத்துல வுழுந்திருக்கும்."

"காத்துல வுழுந்தது தலைக்குக் கைய வச்சிகினா படுக்கும்?"

ஏழுமலை சிரித்துக்கொண்டே மேலே போனான். வரும்போது சிரிப்பு இல்லை. பாண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா கட்டிகிறாங்க" என்று மட்டும் சொன்னான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று தோன்றும். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது மனிதன் என்று படவில்லையா? படவில்லை. ஒன்றைப் பொம்மை என்று மனத்தில் போட்டுக்கொண்டுவிட்டால் கண் பொம்மையைத்தான் பார்க்கும். அது நகர்ந்தாலும் மனிதன் என்று தோன்றாது. நகரும் பொம்மை என்றுதான் தோன்றும்.

சில நாள் ஜன்னலில் இருக்கும். சில நாள் கண்ணில் படாது. பொழுது சாய்ந்து நாங்கள் கைகால் கழுவும் நேரத்தில் ஜன்னல் காலியாகவே இருக்கும். தாழ்வாரத்தில் நாங்கள் நிரப்பி வைத்த தண்ணீர்ப் பானை யாரும் குடிக்காமலே பாதியாகும். பாயின் ஆட்கள் அந்த ஜன்னலைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள், குனிந்து இழைப்புளியைத் தள்ளுவார்கள். நாங்கள் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களும் எங்களைக் கேட்கவில்லை.

கன்னியம்மா ஒருநாள் கூடத்து வாசற்படியில் ஒரு வாழைப்பழமும் பன்னும் வெற்றிலையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். காலையில் பழமும் பன்னும் இல்லை. வெற்றிலை மட்டும் வாடிக் கிடந்தது.

"சின்ன வயசு போல கீது. வெத்தல போடாது" என்றான் ஏழுமலை. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் யாராவது ஏதாவது வைத்தார்கள். தினமும் காலியானது.

பிறகு ஒரு வாரம் அது இடம் மாறவே இல்லை. கூடத்தின் கோடியில் பழைய இரும்புக் கட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்குக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வேப்பிலைக் கொத்துகள் கிடந்தன. பாயின் ஆட்களில் யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் நினைத்துக்கொண்டோம். வாசற்படியில் வைத்த பழம் எடுக்கப்படாமல் கறுத்து, எறும்பு மொய்த்தது.

"ஆத்தா மனசு எறங்கிட்டா. இனிமே ஒண்ணும் பண்ணாது" என்றாள் கன்னியம்மா.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

அந்த வாரம்தான் கூடத்தின் நடு உத்திரம் சுவரிலிருந்து நழுவியது. பாய் வாசலை ஒட்டி ஒரு முட்டுக்கட்டை கொடுத்து அதைத் தாங்கி நிறுத்தினார். இனி யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். மயிலாப்பூர்க்காரர். வயது குறைவு, நிதானம் அதிகம். எங்களை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருநாள் முற்பகலில் கூரையிலிருந்து சுண்ணாம்பு மாவு மாதிரி கொட்ட ஆரம்பித்தது. உத்திரம் முனகியது. என்ஜினீயர் வாசலில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மேஸ்திரி, இதைப் பிரிச்சு எடுக்க முடியாது. மேல ஆள் ஏத்தினா ஆளோட வந்துடும். தானா விழட்டும்னு விட்டா நடுச்சுவரைத் தள்ளிண்டு முன்கட்டு மேல சாயும். முட்டுக்கட்டையைக் கயிறு போட்டு இழுத்துடுவோம். நேரா கீழ உட்காரும்."

சரியான முடிவு. முன்கட்டில் புதுச் சுவர்கள் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தன. நாங்களும் அதையே சொல்லியிருப்போம். முன்கட்டு ஆட்களையும் வெளியே வரச் சொன்னார். பாய் வாசலில் நின்றபடியே கழியால் முட்டுக்கட்டையின் அடியில் கயிற்றை மாட்டினார். கயிறு தாழ்வாரம் வழியாகக் கீழே முற்றத்துக்கு வந்தது. பாயும் ஆட்களும், கூட ஏழுமலையும் தொய்வு இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரி ஆபீஸ்காரர்கள் கேட்டருகே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மேலே போய் வாசலில் நின்றேன். கீழேயிருந்து கன்னியம்மா கூவினாள்.

"கூரை எறங்குது! உள்ள யாருன்னா கீறீங்களா?"

மூன்று தடவை கூவினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் நான் காது கொடுத்தேன். மாவு கொட்டும் சத்தம் மட்டும். கட்டில் அடுக்கின் கம்பிகளுக்கு நடுவே அந்த வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது. எதுவோ சரியில்லை என்று பட்டது. எதுவென்று பிடிபடவில்லை. பொம்மையை அவ்வளவு நேரம் பார்க்கக்கூடாது என்று திரும்பி இறங்கிவிட்டேன்.

முற்றத்தில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மேலே உத்திரம் மறுபடி முனகியது.

"சொல்லு மேஸ்திரி. கை நோவுது" என்றான் ஏழுமலை.

கையைப் பாதி தூக்கினேன். எனக்கு முன்னால் பாய் குனிந்து கயிற்றைப் பிடித்திருந்தார். அவர் பனியனில் முதுகுத் தண்டு நெடுக ஈரம் படர்ந்து, துணி தோலோடு ஒட்டியிருந்தது. நீளமான கறுத்த பட்டை. அதைப் பார்த்தேன். மேலே அந்தச் சட்டையிலும் இதே பட்டை இருந்தது.

வைக்கோலுக்கு வேர்க்காது.

கையை இறக்கிவிட்டேன். கத்த வரவில்லை. பாயின் அருகில் போய்க் கேட்டேன்.

"பாய், அந்தப் பொம்மைய கட்டினது யாரு?"

"ஐயோ மேஸ்திரி!" என்றான் ஏழுமலை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

பாய் திரும்பாமலே சொன்னார். "இன்னா கேள்வி இது, இந்த நேரத்துல? உங்களுதுதானே."

"எங்களுது மொட்டமாடில கீறது ஒண்ணுதான். கூடத்துல கீறது?"

"நான் எங்க நைனா பொம்ம கட்டப் போறேன்? எங்க ஆளுங்களும் கட்டல. நீங்கதான் ரெண்டு கட்டிகிறீங்கன்னு..."

அவர் முடிக்கவில்லை. கயிற்றின் கடைசியில் நின்றவனுக்குப் புரிந்துவிட்டது. கையை விட்டான். கயிறு ஒரு முழம் தளர, மேலே முட்டுக்கட்டை கிறீச்சென்று தரையில் இழுபட்டது. பொத்தென்று ஏதோ விழுந்தது. எல்லோரும் விட்டுவிட்டு ஓடத் தயாராக இருந்தார்கள். விட்டால் முட்டு துள்ளி விழும். இழுத்தாலும் விழும். ஏற்கெனவே பாதி சாய்ந்துவிட்ட கட்டை அது. அந்தக் கயிறு இருந்தபடியே இருக்கும்வரைதான் மேலே கூரை.

பாயின் கைகள்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். "இழுக்கவும் வேணாம், வுடவும் வேணாம். இப்படியே புடிச்சிக்கோங்க."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது பாய்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போ. நான் கீறேன்." பிறகு தன் ஆட்களிடம், "எவன்னா கைய வுட்டீங்க, ராயப்பேட்டையில கால் வைக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார். வரிசையாக நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

என்ஜினீயர் ஓடி வந்தார். "என்ன மேஸ்திரி?"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். பொம்மைன்னு பார்த்தேன்."

அவர் அதிர்வு கூடாது என்று ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தார். வாசலில் அவரை நிற்கச் சொன்னேன். உள்ளே ஒருவர் போதும்.

நடுவில் போகாமல் சுவரை ஒட்டியே போனேன். கட்டைகள் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கூரை கொஞ்சம் பொறுக்கும். தலையில், இமையில் மாவு விழுந்தது. எட்டு வைத்து, நின்று, கேட்டு, மறுபடி எட்டு வைத்தேன். வேப்பிலை வாடிய வாடை வந்தது. கட்டில் அடுக்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

பக்கத்தில் போன பிறகும் அது பொம்மையாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். துணி சுற்றிய தலை, சுவரில் சாய்ந்த நெற்றி, மடியில் கிடந்த கைகள். மூச்சு விடுவது தெரியவில்லை. கை நீட்டினேன். நடுவழியில் கை நின்றுவிட்டது. வைக்கோலாக இருந்தால் கீழே அத்தனை பேரும் சிரிப்பார்களே என்பது ஒரு பயம். வைக்கோலாக இல்லாவிட்டால் என்பது இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தோளைத் தொட்டேன். வெயிலில் கிடந்த தகரம் மாதிரி சுட்டது.

தலை மெதுவாகத் திரும்பியது. முகம் முழுக்கக் கொப்புளம். நடுவில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. அவை என்னைப் பார்த்தன. பிறகு, வீட்டுக்கு வந்தவரிடம் தகவல் சொல்வதுபோல, அடங்கிய குரலில் சொன்னான்.

"இங்க யாரும் இல்லண்ணே."

அவன் கையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டு தூக்கினேன். எடையே இல்லை. திரும்பி வரும்போது முட்டுக்கட்டை இன்னொரு சாண் நகர்ந்தது கண்ணெதிரே தெரிந்தது. ஓடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுவரைத் தேய்த்தபடி நடந்தேன். வாசலில் என்ஜினீயர் கை நீட்டி அவனை வாங்கிக்கொண்டார். கொப்புளத்தைப் பார்த்து அவர் கை பின்வாங்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

முற்றத்துக்கு வந்தோம். கயிற்றைப் பிடித்தவர்களின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நான் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"உள்ளே ஆள் இல்லை."

கை தூக்கினேன். அவர்கள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. விட்டாலே போதுமாக இருந்தது. கூடம் முழுவதும் ஒரே சத்தமாக உட்கார்ந்தது. புழுதி எழுந்து ஆற்றுப்பக்கம் போனது. அது அடங்கியபோது கட்டில் அடுக்கு தட்டையாகக் கிடந்தது. ஆபீஸ்காரர்கள் கேட்டுக்கு வெளியே போய்விட்டிருந்தார்கள்.

மரத்தடியில் படுக்க வைத்தவனைப் பார்த்து ஆட்கள் இரண்டடி தள்ளியே நின்றார்கள். அம்மை. கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவன் தலைத் துணியை அவிழ்த்தாள்.

"ஆத்தா எறங்கின புள்ளடா இது! பயப்படறவன் அப்பால போ. ஏழுமல, எளநி வாங்கினு வா. பொம்மயாம் பொம்ம! தெனம் பன்னு வச்சனே, இதுக்கா வச்சேன் நானு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

சிமெண்டு மூட்டைகளை ஒதுக்கி, கொட்டகையில் வேப்பிலை பரப்பி அவனைக் கிடத்தினோம். கன்னியம்மா தன் வீட்டுக்குப் போகாமல் கூடவே இருந்தாள். என்ஜினீயர் வார்டனிடம் பேசினார். டாக்டரை அழைத்து வந்து காட்டினார். சின்னம்மைதான், பயமில்லை என்றார் டாக்டர். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவன் நாலு வார்த்தை பேசினான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன். பாண்டி பஜாரில் ஓர் ஓட்டலில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டு பகலில் படித்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்த வேலை போய்விடும். விடுதியைக் காலி செய்யச் சொன்ன பிறகு பகலில் தூங்க இடமில்லை. பின்கூடத்துக்குப் பின்னால், கழிவறை சுத்தம் செய்கிறவர்களுக்கென்று அந்தக் காலத்தில் வைத்த இரும்புச் சுழல்படி ஒன்று வேப்பமரத்துக்குள் மறைந்து கிடந்தது. விடியலில் அதன் வழியாக ஏறிப் படுப்பான், பொழுது சாயும்போது இறங்கிப் போவான். அம்மை கண்ட பிறகு ஓட்டலிலும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அதன்பின் இறங்கவே இல்லை. வேப்பிலையை அந்த மரத்திலிருந்து அவனே ஒடித்துப் போட்டுக்கொண்டு, ராத்திரியில் தாழ்வாரத்துப் பானைத் தண்ணீரை மட்டும் குடித்துக் கிடந்தான்.

"நாங்க கூவுனது கேட்டுச்சாப்பா?" என்று கேட்டேன்.

"மூணு தடவையும் கேட்டுச்சுண்ணே."

"ஏன் பேசல?"

கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"பேசுனா எந்திரிச்சுப் போன்னு சொல்லுவீக. எங்கிட்டுப் போக? நீங்க கீழ உக்காந்து பொம்ம பொம்மன்னு பேசுனது மொத நாளே கேட்டுச்சு. அப்பிடியே இருந்துட்டா விட்ருவாகன்னு நெனச்சேன். யாராச்சும் வந்தா அசைய மாட்டேன். பொம்ம பேசாதுல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கடைசி ரெண்டு மூணு நாளு எனக்கே அப்பிடித்தான் இருந்துச்சுண்ணே. கையத் தூக்குனா வைக்கோலு உதிர்ந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

விடுதி திறந்தபோது முன்கட்டில் நாங்கள் பிரித்த அறைகளில் ஒன்றில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். அன்றைக்கும் கேட்டுக்கு வெளியே பெட்டியோடு பையன்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கூவுங்கள், மூன்று தடவை கூவுங்கள், அது தொழில் வழக்கம், விடாதீர்கள். ஆனால் பதில் வராததை ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போக்கிடம் இல்லாமல் ஒளிந்திருப்பவனுக்கு நம் குரல் எச்சரிக்கையாகக் கேட்காது. விரட்டுவதாகத்தான் கேட்கும். எவ்வளவு உரக்கக் கூவுகிறீர்களோ அவ்வளவு அசையாமல் இருப்பான். பார்ப்பதும் போதாது. நானும் பார்த்தேன், பாயும் பார்த்தார், ஏழுமலை பக்கத்தில் போயே பார்த்தான். இந்த ஊரில் இடிக்கப்போகும் கட்டடம் ஒன்றுகூடக் காலி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் படி ஏற வேண்டும்.

அதற்குப் பிறகு சாரம் ஏறிய காலம்வரை எந்த வேலையிலும் நான் பொம்மையைத் தொடாமல் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆட்களுக்குப் பிடிக்காது. மேஸ்திரிக்குப் பைத்தியம் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். வேலையை நிறுத்தி வைத்துவிட்டு மேலே ஏறிப் போவேன். சட்டைக்குமேல் கையை வைப்பேன். வெயிலில் நின்ற வைக்கோலும் சுடும். அதனால் உடனே கையை எடுக்கமாட்டேன். கீழே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, கை அடியில் ஏதாவது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.